தாலாட்டு அலை

கோபம் வந்தால் கத்துகிறவர்களை நம்பலாம். கத்தி முடித்து, ஒரு டீ குடித்து, மறந்தும் போவார்கள். கோபம் வர வர மரியாதை கூடிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் ஆராய்ச்சித் துறையில் அலைக்காரி என்று எல்லோரும் கூப்பிட்ட பெண் அந்த ரகம். மற்ற நாளில் அவள் வாயில் வருவது 'சரி சார்' மட்டும்தான். 'நிச்சயமா சார், உங்க இஷ்டம் சார்' என்று யாரிடமாவது சொல்லிவிட்டால், அந்த ஆள் அன்றைக்கே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொள்வது உடம்புக்கு நல்லது.

வலிப்பு வரும் குழந்தைகளின் தலையில் வயர்களை ஒட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கோடுகோடாகத் திரையில் காட்டுகிற இ.இ.ஜி. அறையில் அவளுக்கு வேலை. விழித்திருக்கும் மூளைக்கு ஒரு மாதிரி அலை, தூங்கும் மூளைக்கு ஒரு மாதிரி, வலிப்புக்கு ஒரு மாதிரி. நமக்கெல்லாம் கோழி கிளறிய மண்ணாகத் தெரிவதை அவள் காலைப் பேப்பர் மாதிரி படிப்பாள். அதற்காகவே படித்துப் பட்டம் வாங்கியவள். இருந்தாலும் டாக்டர் என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை, அலைக்காரி என்றே ஒட்டிக்கொண்டது.

அந்த அறையின் இன்னொரு பாதி பசை அக்கா. குழந்தையின் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசை தொட்டு, ஒவ்வொரு வயராக ஒட்டுகிற டெக்னீஷியன். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாசம் போகாது. "என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போகாம ஒட்டிக்கிட்டிருக்கறதுக்கே இந்தப் பசைதான் காரணம்" என்பாள். அழுகிற குழந்தையின் தலையில் ஒரு வயர்கூட நகராமல் ஒட்ட அவளை விட்டால் ஆள் இல்லை.

இவர்கள் இருவருக்கும் மேலே துறைத் தலைவர். பட்டப்பெயர் மைக். தண்ணீர்க் குழாய் திறக்கிற விழாவாக இருந்தாலும் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று மைக்கைப் பிடிப்பார், அந்த இரண்டு வார்த்தை முடிவதற்குள் எல்லோர் டீயிலும் ஆடை படிந்திருக்கும். சும்மா சொல்லக்கூடாது, பேச்சு நன்றாகத்தான் இருக்கும். இ.இ.ஜி. அறைப் பக்கம் மட்டும் அவர் எட்டிப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. பசை வாசம் அவருக்குத் தலைவலியாம்.

இனி, அலைக்காரிக்கு ஏன் அவர்மேல் அவ்வளவு கொதிப்பு என்று சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். சின்ன வயதிலேயே வலிப்பு. வந்து முடிந்ததும் பயந்துபோய் முழிப்பான். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் தட்டிக்கொடுத்துத் தூங்கவைப்பது அக்காவின் வேலை. பள்ளிக்கூடம் படிக்கிற பெண், வீட்டுப்பாடத்தை ஒரு கையால் எழுதிக்கொண்டே இன்னொரு கையால் தட்டுவாள். மீசை முளைக்கிற வயதில் அவனுக்கு வெட்கம் வந்தது, குளிக்கப் போனால் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். ஒருநாள் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதனால்தான் அவள் இந்தப் படிப்புக்கு வந்தாள். வலிப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மூளை ஏதாவது சைகை காட்டுகிறதா என்று தேடினாள். காட்டினால், அன்றைக்குக் கதவைத் தாழ்ப்பாள் போடாதே என்று ஒரு பிள்ளையிடமாவது சொல்லலாம் அல்லவா. வருஷக்கணக்காகத் திரை முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டு, குழந்தைகளிடம் அப்படி ஒரு சின்ன மாற்றத்தைக் கண்டுபிடித்தே விட்டாள். கட்டுரை எழுதி, கடைசியில் 'என் தம்பிக்கு' என்று ஒரே ஒரு வரி போட்டு, மைக்கிடம் கொடுத்தாள்.

"பிரமாதம்மா. கொஞ்சம் மெருகேத்தணும். என்கிட்ட விட்டுடு" என்றார்.

மெருகேற்றினார். பத்திரிகையில் வந்தபோது முதல் பெயர் அவருடையது. இரண்டாவது பெயர் அவருடைய மருமகன். மருமகன் பல் டாக்டர். வலிப்புக்கும் பல்லுக்கும் என்ன உறவு என்று கேட்டால், வலிப்பு வந்தால் பல்லைக் கடிப்பார்களே என்பார் போலிருக்கிறது. அலைக்காரியின் பெயர் கடைசியில், நன்றி சொல்கிற பத்தியில், ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டவருக்கு அடுத்தபடியாக இருந்தது. 'என் தம்பிக்கு' என்ற வரி இருந்த இடத்தில் 'எங்கள் ஆஸ்பத்திரி இயக்குநரின் தொலைநோக்குக்கு' என்று இருந்தது.

தன் பெயரை எடுத்ததைக்கூட அவள் செரித்திருப்பாள். அந்த ஒரு வரியைச் செரிக்க முடியவில்லை. செத்தவனை இரண்டாம் தரம் கொன்ற மாதிரி இருந்தது அவளுக்கு.

"பாத்தியாம்மா, நம்ம பேப்பர் வந்துடுச்சு" என்றார் மைக், வராந்தாவில் அவளைப் பார்த்ததும்.

"பாத்தேன் சார். ரொம்ப அழகா வந்திருக்கு சார். உங்களால மட்டும்தான் சார் இப்படிப் பண்ண முடியும்."

பின்னால் வந்த பசை அக்கா அத்தனை 'சார்'களையும் எண்ணிக்கொண்டே வந்தாள். அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள்.

"புகார் குடு."

"குடுத்தா யார் விசாரிப்பாங்க?"

"அதுக்கு ஒரு கமிட்டி இருக்கே."

"கமிட்டிக்குத் தலைவர் யாரு?"

பசை அக்கா யோசித்தாள். தலைவர் மைக்தான்.

அலைக்காரி கறுவிக்கொண்டே இருந்தாள். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை, கூப்பிட்ட குரலுக்கு ஓடினாள், மைக்கின் உரைகளுக்குப் படம்கூடப் போட்டுக் கொடுத்தாள். உள்ளே மட்டும் அடுப்பு அணையவே இல்லை. ஒருநாள் கையில் சிக்காமலா போய்விடுவான் இந்த மனுஷன் என்று காத்திருந்தாள். சிக்கினார். அதுவும் எதில் தெரியுமா, ஒரு கிண்டலில்.

கைக்குழந்தைகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூங்காது. தூங்கினால்தான் அலை பார்க்க முடியும். அதனால் அம்மா மடியிலேயே வைத்துப் பதிவு செய்வார்கள். மடியில் இருக்கும் குழந்தையை எந்த அம்மா சும்மா வைத்திருக்கிறாள்? கை தானாகத் தட்ட ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் குழந்தையின் தலை ஒரு பொட்டு அசையும், வயர் அசையும், திரையில் ஒரு அலை எழும். தட்டு சீராக இருப்பதால் அலையும் சீராக, அடுக்கி வைத்த மாதிரி வரும். அம்மாவின் கையைப் பார்க்காதவர்கள் அதை வலிப்பு என்று சத்தியம் செய்வார்கள். முழுக்க முழுக்கப் பொய் அலை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதில் ஏமாந்துபோகக் கூடாது என்று அலைக்காரி இப்படிப்பட்ட பதிவுகளைச் சேர்த்துவைத்தாள். அலைகளின் படங்களைப் பொதுக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போட்டாள். குழந்தைகளின் முகம் தெரியும் என்பதால் வீடியோக்கள் வேறு இடத்தில் பூட்டி இருந்தன. ஃபோல்டருக்குப் பெயர் வைக்க வேண்டுமே. பசை அக்காவும் அவளும் சிரித்துக்கொண்டே 'தாலாட்டு அலை' என்று வைத்தார்கள்.

மைக் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா அது, தாலாட்டு அலை? சொல்லவே இல்லையே" என்றார், கேண்டீன் வாசலில் அவளை நிறுத்தி.

"அது வெளிய சொல்ற மாதிரி விஷயம் இல்ல சார்."

"என்கிட்டகூடவா? என்னன்னு சொல்லு."

"கைக்குழந்தைங்க தூங்கறப்ப வர்ற அலை சார். தாளம் போட்ட மாதிரி ஒரே சீரா வரும்."

"வலிப்பு மாதிரியா?"

"பாக்கறவங்களுக்கு அப்படித்தான் சார் தெரியும்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் இன்னொரு உண்மையும் வந்திருக்கும். மனுஷர் கேட்கவில்லை. பல் டாக்டர் மருமகனுக்கும் சேர்த்து இன்னொரு கட்டுரை என்று கணக்குப் போட்டிருப்பார். அவர் கண்ணில் வந்த பளபளப்பை அவள் பார்த்தாள், போன தடவையும் இதே பளபளப்பைப் பார்த்திருக்கிறாள்.

"இதை யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார்.

"நிச்சயமா சார். உங்க இஷ்டம் சார்."

மழைக்காலம் முடிவதற்குள் கட்டுரை வந்துவிட்டது. கைக்குழந்தைகளின் வலிப்புக்குப் புதிய அடையாளம், பெயர் தாலாட்டு அலை, கண்டுபிடித்தவர்கள் மாமனாரும் மருமகனும். குழந்தைக்குக் கை கால் இழுப்பதற்கு முன்பே, வெளியே ஒன்றும் தெரியாதபோதே, இந்த அலையை வைத்து நோயைப் பிடித்துவிடலாமாம். பசை அக்கா அதைப் படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மூச்சு திரும்பியதும் "சரி, பத்திரிகைக்கு எழுதிப் போடு. மூக்குடைபடட்டும்" என்றாள்.

"இப்ப எழுதினா இந்த ஆளே முந்திக்கிட்டு, 'என் தவறை நானே கண்டுபிடித்தேன்'னு இன்னொரு பேப்பர் போடுவார்க்கா. எவ்வளவு பெரிய மனசுன்னு அதுக்கு ஒரு விருது குடுப்பாங்க. அதையும் மருமகனோட போய் வாங்குவார்."

பசை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படித்தான் நடக்கும்.

"ஏணில இன்னும் கொஞ்சம் ஏறட்டும். முதல் படில இருந்து விழுந்தா முட்டிதான் சிராயும்" என்றாள் அலைக்காரி.

ஏறினார். பேப்பரில் போட்டோ வந்தது. தூரதேசத்துக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். தாலாட்டு என்ற பெயர் எப்படித் தோன்றியது என்று பேட்டியில் கேட்டார்கள், ஒரு தாயின் தாலாட்டைக் கேட்டபோது தோன்றியது என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். அலைக்காரி அந்தப் பேட்டியை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். வரப்போகிற பெரிய மாநாட்டில் அவருக்குத்தான் முதல் உரை. அதுதான் உச்சிப் படி என்று முடிவு செய்தாள். பேசப்போகிற மேடையில் அவர் முகம் எப்படிப் போகும் என்று தினமும் ஒரு தடவை நினைத்துப் பார்ப்பாள், அந்த நினைப்பிலேயே சாப்பாடு இறங்கும்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தாள்.

சின்னப் பெண். வேறு ஊர். தோளில் ஒரு பையன், தவழ வேண்டிய வயது, ஆனால் நனைந்த துணி மாதிரி சரிந்து கிடந்தான்.

"முன்னெல்லாம் என்னைப் பாத்தா வாயெல்லாம் சிரிப்பா இருக்கும் டாக்டர். தூக்கத்துல ரெண்டு மூணு தரம் கை காலை வெட்டி இழுத்தான்னு எங்க ஊர் டாக்டர்கிட்ட காட்டினேன். தலைல வயர் வெச்சுப் பாத்துட்டு வலிப்புதான்னு மருந்து குடுத்தார். அதுலேர்ந்து இப்படி. தலையே நிக்க மாட்டேங்குது. இதையெல்லாம் கண்டுபிடிச்ச இடமே இதுதானாமே, அதான் இங்கயே வந்துட்டேன்."

நீட்டிய ரிப்போர்ட்டில் கீழே எழுதியிருந்தது: தாலாட்டு அலை காணப்படுகிறது.

அலைக்காரி அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். கட்டுரையைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிகளில் நிஜமாகவே மருந்து கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை எடுத்துப் பார்க்காமல் ஒரு மூலையில் வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

பசை அக்கா வயர் ஒட்டினாள். அம்மா மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தாள்.

"தட்டாதீங்கம்மா. சும்மா கையை மேல வெச்சுக்குங்க" என்றாள் அலைக்காரி.

பையன் தூங்கினான். திரையில் ஒரு குற்றமும் இல்லை, ஆரோக்கியமான குழந்தை தூங்குகிற அலை. தூக்கத்தில் கை கால் வெட்டுவது பல குழந்தைகளுக்கு வருகிறதுதான், தானாகவே போய்விடும். வார்டு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். மருந்தை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் பையனுக்குத் தலை நின்றது. அடுத்த தடவை வந்தபோது பசை அக்காவின் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான். அந்த அம்மா இருவர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கிளம்பும்போதுதான் கேட்டாள். "டாக்டர், எங்க பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் இதே மருந்துதான். இதே டாக்டர்தான் குடுத்தார். பொண்ணு, இவனைவிடச் சின்னவ. அவங்களையும் கூட்டிட்டு வரட்டுமா?"

மாநாடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஊரிலிருந்து இரண்டாவது குழந்தையும் வந்து மருந்தை நிறுத்தினால் வார்டில் பேச்சு கிளம்பும். பேச்சு மைக்கின் காதுக்குப் போகும். அவர் உஷாராகிவிடுவார்.

"கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கம்மா" என்றாள் அலைக்காரி. "நானே சொல்லி அனுப்பறேன்."

படுக்கை காலி இல்லை போலிருக்கிறது என்று நினைத்து அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனாள்.

பசை அக்கா வயர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"நீ பண்றது சரியில்ல."

"மாநாடு வந்தாச்சுக்கா. இவ்வளவு நாள் பொறுத்தாச்சு."

"பொறுத்தது நீயா, அந்தக் குழந்தையா?"

அலைக்காரி தன் இடத்துக்குப் போனாள். மேஜை டிராயரைத் திறந்தாள். அதில் அந்தப் பழைய கட்டுரையின் கடைசிப் பக்கம் இருந்தது, தம்பி இருக்க வேண்டிய இடத்தில் இயக்குநரின் தொலைநோக்கு. ஒரு தடவை படித்தாள், மூடினாள். கொஞ்சமாக ஆட ஆரம்பித்திருந்த மனசு மறுபடி கெட்டிப்பட்டுவிட்டது. வேண்டுமென்றேதான் படித்தாள்.

மறுநாள் மைக் கூப்பிட்டனுப்பினார். அவராகவே வந்து கழுத்தை நீட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மாநாட்டுல வெறும் படம் காட்டினா எடுபடாதும்மா. நேரடியா காட்டணும். மேடையிலேயே ஒரு குழந்தை, பெரிய திரையில தாலாட்டு அலை. ஏற்பாடு பண்ண முடியுமா?"

"நிச்சயமா சார். உங்க இஷ்டம் சார்."

"அலை வருமில்ல? சபைல மானம் போயிடக் கூடாது."

"வர வெச்சுடலாம் சார்."

குணமான பையனின் அம்மாவையே கூப்பிட்டாள். உங்க பையனுக்கு எந்த வலியும் இல்லை, வழக்கம்போல மடியில் வைத்துத் தட்டுங்கள், நான் நிறுத்தச் சொல்லும்போது நிறுத்துங்கள், தட்டச் சொல்லும்போது தட்டுங்கள், அது போதும் என்றாள். மகனைத் திருப்பிக் கொடுத்தவள் கேட்கிறாள், எதற்கு என்றுகூட அந்தப் பெண் கேட்கவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய டாக்டர்கள், முன்வரிசையில் இயக்குநர், அவருக்குப் பக்கத்தில் பல் டாக்டர் மருமகன் புதுக் கோட்டில். மேடையின் ஓரத்தில், குழந்தையின் கண்ணில் வெளிச்சம் படக் கூடாது என்ற சாக்கில், ஒரு துணித் தடுப்பு. அதற்குப் பின்னால் நாற்காலியில் அந்த அம்மா, மடியில் வயர் ஒட்டிய பையன், பக்கத்தில் பசை அக்கா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றாள். மைக் தடுப்புக்குப் பின்னால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே பசை வாசம் அடிக்குமே.

பேசினார். அன்றைக்குப் பேசின மாதிரி அவர் என்றைக்கும் பேசியதில்லை. பேச்சில்லாத பச்சைக் குழந்தையின் மூளை தன்னிடம் பேசியது என்றார், அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளத் தன் வாழ்நாளைக் கொடுத்தேன் என்றார். திரும்பிக் கையை உயர்த்தினார். பெரிய திரையில் அலை வந்தது. கூரை உயரத்துக்கு, அடுக்கடுக்காக, ஒன்றுபோல ஒன்று. சபை அப்படியே பிரமித்துப்போனது.

"பாருங்கள், என்ன ஒரு ஒழுங்கு" என்று லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளியால் காட்டினார். "இந்தக் குழந்தையின் மூளைக்குள் இந்த நிமிஷம் ஒரு புயல் அடித்துக்கொண்டிருக்கிறது."

"சார், ஒரு சின்ன சந்தேகம்."

அலைக்காரி மேடை ஓரத்தில் நின்றிருந்தாள். பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. துணித் தடுப்பைப் பிடித்து இழுத்தாள், அது வளையங்களோடு சரசரவென்று ஒதுங்கியது.

"அம்மா, கையை எடுங்க."

அந்த அம்மா கையை எடுத்தாள். திரையில் புயல் நின்றது. குழந்தை தூங்கும் அலை மட்டும் சாதுவாக ஓடியது.

"தட்டுங்க."

புயல் வந்தது.

"கொஞ்சம் வேகமா."

புயல் வேகமெடுத்தது. கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக முன்னால் வந்து, இயக்குநர் வரைக்கும் வந்து நின்றது.

"இந்தக் குழந்தைக்கு வலிப்பே கிடையாது" என்றாள் அலைக்காரி. மைக் இல்லாமலே அவள் குரல் கடைசிவரை கேட்டது. "இந்த அலை மூளையிலேர்ந்து வரல. அம்மா கையிலேர்ந்து வருது. புது ஆளுங்க ஏமாறக் கூடாதுன்னு நான் சேத்து வெச்ச பொய் அலைங்க இது. எங்க ரூம்ல கிண்டலுக்கு வெச்ச பேரு தாலாட்டு அலை. சார் அந்த ஃபோல்டரை எடுத்தார். எடுத்தவர் உள்ள வந்து ஒரு தடவை அம்மா கையைப் பாத்திருந்தாப் போதும். பாக்கல. அதுக்கு முன்னாடி இன்னொரு பேப்பரையும் எடுத்தார். அது என் உழைப்பு. அதோட கடைசி வரி 'என் தம்பிக்கு'. அதையும் அழிச்சுட்டார்."

மைக்கின் முகத்தில் ஈயாடவில்லை. வாய் திறந்தது, மூடியது, கையில் மைக் இருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. சிவப்புப் புள்ளி மட்டும் திரையில் நடுங்கிக்கொண்டிருந்தது. மருமகன் குனிந்தபடியே பக்கத்துக் கதவு வழியாக நழுவினான். அலைக்காரி ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தாள். தினமும் நினைத்துப் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. நெஞ்சில் பால் வார்த்த மாதிரி என்பார்களே, அப்படி இருந்தது. யாரோ எழுந்து கைதட்டினார்கள், பின்னால் பலர் தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியபோது அந்த அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பையனைத் தோளில் போட்டிருந்தாள், தலையிலிருந்து வயர்கள் தொங்கின.

"டாக்டர்" என்றாள். அவளுக்குக் கோபம் இல்லை, புரிந்துகொள்ளப் பார்க்கிற முகம். "பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன். கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கன்னீங்க. இடம் இல்லைன்னு நெனச்சேன்."

அவள் திரும்பிப் பெரிய திரையை ஒரு தடவை பார்த்தாள்.

"இதுக்காகத்தானா பொறுக்கச் சொன்னீங்க?"

அலைக்காரி பசை அக்காவைப் பார்த்தாள். பசை அக்கா தரையைப் பார்த்தாள். மைக்குக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இரண்டு அடி எடுத்து வைத்து, அலைக்காரியிடம் வந்து, கையில் இருந்ததை நீட்டினார். அத்தனை வருஷத்தில் அவர் இன்னொருவருக்கு மைக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

"பதில் சொல்லும்மா" என்றார் மெதுவாக.

அவள் வாங்கிக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை.

"ஆமாம்மா" என்றாள். அவளுக்கே கேட்காத குரலை அந்த மைக் அரங்கம் முழுக்கக் கேட்க வைத்தது. "இதுக்காகத்தான்."

அலைக்காரி ஒரு அடி முன்னால் வந்து, பையனின் தலையில் இருந்த வயரைக் கழற்றக் கை நீட்டினாள். அந்தப் பெண் பையனை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குப் போட்டாள்.

"நான்தான் பேசறேன். பாப்பா என்ன பண்றா?" என்றாள். "இன்னும் தலை நிக்கலையா. இல்ல, மருந்தை நீயா நிறுத்திடாதே. அவளைத் தூக்கிட்டு இப்பவே கிளம்பி வா. யாரையும் கேக்க வேண்டாம்."

சத்தத்தில் பையன் சிணுங்கினான். பேசிக்கொண்டே அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாள். வயர் இன்னும் கழற்றவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை பெரிய திரையில் அந்த அலை ஓடிக்கொண்டே இருந்தது.